சின்ன ரீஃப் தொட்டிக்கு எல்இடி மாற்றுவது: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம், ஏற்காடு பக்கம் ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் பழைய டியூப்லைட்டையோ மெட்டல் ஹாலைடு விளக்கையோ கழற்றிவிட்டு எல்இடி போடும்போது திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பதில்களில் 'நம் தொட்டி' என்று வருவது 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் உள்ள இரண்டடித் தொட்டி. கல்லும் மணலும் போக அதில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

1. டியூப்லைட் நல்லாத்தானே எரியுது, எதுக்கு மாத்தணும்?

நம் கண்ணுக்கு நன்றாக எரிகிற டியூப் பவளத்துக்குப் போதாமல் போயிருக்கலாம். டி5 என்கிற மெல்லிய டியூபின் உள்பூச்சு நாளாக ஆக மங்கும், நிறமும் மஞ்சள் பக்கம் சாயும். பவளத் தொட்டியில் 9 முதல் 12 மாதத்துக்குள் எல்லா டியூபையும் மாற்றியாக வேண்டும். கடல் தொட்டிக்கான நீல டியூப் இப்போது உள்ளூர்க் கடைகளில் கிடைப்பது அரிது. தபாலில் வரவழைத்தால் உடைந்தும் வருகிறது. மாற்றச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் கரண்ட். 24 வாட் டியூப் நான்கு எரிந்தால், சோக்கில் போவதையும் சேர்த்து 100 வாட்டுக்கு மேல் ஆகும். பத்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். அதே தொட்டிக்கு எல்இடி சராசரியாக 40 வாட் இழுத்தால் 0.4 யூனிட். இரண்டு மாத பில்லில் 36 யூனிட் குறையும். பெரிய தொகையில்லை என்றாலும், ஏசியும் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் ஓடுகிற கோடையில் 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கிற வீடுகளுக்கு அது உதவும்.

தொட்டியில் மீன் மட்டும்தான் என்றால் மாற்ற வேண்டிய தேவையே இல்லை. டியூப் மாற்றி இரண்டு மூன்று மாதம்தான் ஆகிறது, பவளமும் நன்றாக விரிகிறது என்றாலும் பொறுங்கள். தொட்டி முழுக்க ஒரே சீராக ஒளி பரப்புவதில் டி5-ஐ எல்இடி எளிதில் மிஞ்சிவிடாது.

2. வீட்டுக்குப் போடற வெள்ளை எல்இடி பட்டை, ஃபிளட் லைட் எல்லாம் சல்லிசா கிடைக்குதே, அது ஆகாதா?

உயிரோடு இருக்கும், ஆனால் நன்றாக இருக்காது. பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிதான் ஒளியைச் சாப்பாடாக மாற்றிக் கொடுக்கிறது. அந்தப் பாசியில் உள்ள குளோரோஃபில் ஏ, குளோரோஃபில் சி2, பெரிடினின் ஆகிய நிறமிகள் 420 முதல் 480 நானோமீட்டர் வரையுள்ள ஊதா, நீல ஒளியை நன்றாகப் பிடிக்கின்றன. கடலில் சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு வடிகட்டப்பட்டு நீலம்தான் மிஞ்சுகிறது. அதற்கேற்ப அமைந்த உயிர் அது.

வீட்டு ஃபிளட் லைட் 6500 கெல்வின் வெள்ளை. மஞ்சளும் பச்சையும் அதில் நிறைய, ஊதா கிட்டத்தட்ட இல்லை. பவளம் பழுப்பாகத் தெரியும், மினுமினுப்பு வராது. கையில் ஏற்கெனவே வெள்ளை ஃபிளட் இருந்தால் வடிகட்டியில் பச்சைப் பாசி வளர்க்கும் பகுதிக்கு மேலே மாட்டுங்கள், அங்கே அது அருமையாக வேலை செய்யும்.

3. சரி, எத்தனை வாட் வாங்கட்டும்? லிட்டருக்கு ஒரு வாட்டுன்னு ஒருத்தர் சொன்னார்.

வாட் என்பது லைட் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதற்கான கணக்கு. பவளத்தின் மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை அது சொல்லாது. ஒரே 50 வாட் லைட் 60 டிகிரி லென்ஸில் நடுவில் சுட்டெரிக்கும், 120 டிகிரி லென்ஸில் எங்கும் பரவி மெலிந்துவிடும். பார்க்க வேண்டியது 'பார்' அளவு: ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும், ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளித்துகள்கள் எத்தனை மைக்ரோமோல் என்பது.

மஷ்ரூம் பவளத்துக்கு 30 முதல் 80 வரை போதும். சோவான்திட், லெதர், ஸ்டார் பாலிப் போன்ற, கல் எலும்பு கட்டாத மென்பவளங்களுக்கு 60 முதல் 130. ஆக்ரோபோரா மாதிரி கிளைக் கல்பவளங்களுக்குத்தான் 200-க்கு மேல் வேண்டும், அவற்றைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் பாருங்கள். நம் ஊர்த் தொட்டிகளில் இருப்பது பெரும்பாலும் மென்பவளம். அதற்கு நம் தொட்டியில் 40 முதல் 60 வாட், ரீஃப் என்றே செய்த, மங்கவைக்கும் வசதியுள்ள லைட் தாராளம். எங்களிடம் வருகிற புகார்களில் 'ஒளி போதவில்லை' என்பது அபூர்வம். 165 வாட் கறுப்புப் பெட்டியை ஒன்றரை அடி உயரத் தொட்டியின் மேல் முழு வேகத்தில் எரியவிட்டு, பத்து நாளில் எல்லாம் வெளுத்தது என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

4. பார் மீட்டர் விலை எக்கச்சக்கம். மொபைல் ஆப்பில் பார்த்தா போதாதா?

மொபைல் காட்டுவது லக்ஸ். மனிதக் கண் 555 நானோமீட்டர் பச்சையை அதிகம் உணரும் என்பதால் லக்ஸ் கணக்கும் பச்சைக்கே அதிக மதிப்புக் கொடுக்கும். நீலம் ஓங்கிய லைட்டை அது மிகக் குறைத்துக் காட்டும். '5000 லக்ஸ்தான் வருது' என்று நம்பி டிம்மரைத் திருகினால் பவளம் கருகும்.

ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் மொபைல் உதவும். அதே லைட், அதே நிற விகிதம், தொட்டிக்கு மேலே அதே உயரம் என்று வைத்துக்கொண்டு நடுவுக்கும் ஓரத்துக்கும் எத்தனை மடங்கு வித்தியாசம், மூன்று மாதத்துக்கு முன் இருந்ததற்கும் இப்போதைக்கும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கலாம். முடிந்தால் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு மீட்டர் வாங்கிச் சுற்றில் விடுங்கள். வாங்கும்போது எல்இடியின் நீலத்தையும் சரியாக அளக்கும் முழு நிறமாலை சென்சாரா, தண்ணீருக்குள் இறக்கலாமா என்று கேட்டு வாங்குங்கள். பழைய தலைமுறை மீட்டர்கள் நீலத்தைக் குறைத்தே காட்டும்.

5. ஒரே லைட் போதுமா, ரெண்டு போடணுமா? எவ்வளவு உயரத்துல மாட்டறது?

வட்டமான ஒற்றை லைட் 45 செ.மீ. சதுரத்தை நன்றாக மூடும், 60 செ.மீ. நீளத்தில் இரண்டு ஓரமும் மங்கலாக இருக்கும். மஷ்ரூமை ஓரத்திலும் சோவான்திட்டை நடுவிலும் வைப்பதாக இருந்தால் அது வசதியே. கல் அடுக்கு ஓங்கி நிற்கிற தொட்டியில் ஒரே புள்ளியிலிருந்து வரும் ஒளி ஒரு பக்கம் கடும் நிழல் போடும். அங்கே 30 வாட் லைட் இரண்டு, அல்லது 50 செ.மீ. நீளப் பட்டை வடிவ லைட் ஒன்று நல்லது.

உயரம் நீர்மட்டத்திலிருந்து 20 முதல் 25 செ.மீ. அதற்குக் கீழே இறக்கினால் நடுவில் சூடான புள்ளி விழும், நீலமும் வெள்ளையும் கலக்காமல் மணலில் தனித்தனி வண்ணத் திட்டுகளாக ஆடும், உப்புத் துளி லென்ஸில் தெறிக்கும். மேலே ஏற்றினால் ஒளி பாதி கூடத்துக்குப் போய்விடும், உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணையும் கூசும். எரிகிற நீல எல்இடியை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் லைட்டைச் சுற்றி ஒரு மறைப்பு வையுங்கள்.

6. மேல கண்ணாடி மூடி இருக்கு, எடுக்கணுமா? ஸ்டாண்ட் எதுல பண்ணலாம்?

எடுத்துவிடுங்கள். சுத்தமான கண்ணாடியே பத்து சதவீதத்துக்கு மேல் ஒளியைத் தடுக்கும். ஒரு வாரத்தில் அடிப்பக்கம் வெண்மையாக உப்பு படிந்தபின் எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லவே முடியாது. மூடி போனால் மீன் குதிக்கும், அதனால் மெல்லிய வெள்ளை வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி வையுங்கள். வலை சூட்டையும் வெளியே விடும்.

ஸ்டாண்டுக்கு ஸ்டீல் பட்டறைக்குப் போனால் 304 ரகக் குழாய்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இரும்பாலை ஊரில் இருந்துகொண்டு எவர்சில்வர் துருப்பிடிக்குமா என்று நினைக்க வேண்டாம். கடல் உப்பு பட்டால் 304-லும் பழுப்புப் புள்ளி வரும். முதலில் திருகாணித் தலையைச் சுற்றி வெள்ளைப் பொறுக்கு கட்டும், அதைச் சுரண்டினால் அடியில் டீக்கறை மாதிரி ஒரு வளையம் தெரியும். 316 கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் பவுடர் கோட்டிங் செய்த அலுமினியக் குழாய் போதும், அறுத்த முனைகளில் சிலிகான் தடவிவிட வேண்டும். கூரையிலிருந்து தொங்கவிடுகிறவர்கள் இரண்டு தனித்தனிக் கம்பியில் தொங்கவிடுங்கள். ஒன்று அறுந்தாலும் லைட் தண்ணீரில் விழாது.

7. புது லைட்டை முதல் நாள் எத்தனை சதவீதத்துல வைக்கறது?

மற்ற எல்லாவற்றிலும் கொஞ்சம் தவறினாலும் தொட்டி தாங்கும். இதில் தவறினால் பவளம் போகும், அதனால் பொறுமையாகப் படியுங்கள். பவளத்துக்குள் இருக்கும் பாசி பழைய மங்கலான டியூபுக்கேற்ற அளவு நிறமியை வைத்திருக்கிறது. திடீரென்று ஒளி கூடினால் அந்த நிறமிகள் அளவுக்கு மேல் ஒளியைப் பிடித்துவிடும், மிஞ்சிய ஆற்றலால் ஆக்சிஜன் நச்சு வடிவங்கள் உண்டாகும், பவளம் தன்னைக் காத்துக்கொள்ளப் பாசியை வெளியே தள்ளும். வெளுப்பது என்பது இதுதான். பாதிப்பு அன்றைக்கே தெரியாது, நான்கு நாள் முதல் பத்து நாள் கழித்துத்தான் தெரியும். 'முதல் நாள் சூப்பரா விரிஞ்சுது' என்பதை நம்பி மறுநாளே ஏற்றிவிடாதீர்கள்.

50 வாட் லைட், 25 செ.மீ. உயரம் என்றால் டி5-லிருந்து மாறுகிறவர்கள் நீலம் 30 சதவீதம், வெள்ளை 5 சதவீதத்தில் தொடங்குங்கள். டியூப் ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால் நீலம் 20. 150 வாட் மெட்டல் ஹாலைடிலிருந்து வருகிறவர்கள் 45-லேயே தொடங்கலாம், அந்தப் பவளம் வலுவான ஒளிக்குப் பழகியது. பிறகு வாரத்துக்கு 5 சதவீதம் மட்டும் ஏற்றுங்கள், அதுவும் அந்த வாரத்தின் கடைசி மூன்று நாளும் பாலிப்கள் (பவளத்தின் பூப்போன்ற சிறு உடல்கள்) வழக்கம்போல விரிந்திருந்தால் மட்டும். மென்பவளத் தொட்டியில் பெரும்பாலும் 50, 55-ல் நிறுத்தவேண்டி வரும். 100 சதவீதத்தை எட்டியே ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 'பழக்கும் முறை' வசதி உள்ள லைட்டில் அதை எட்டு வாரத்துக்கு வையுங்கள். திருகு டிம்மர் உள்ள லைட்டில் நடுவில் இருக்கும் குறி பாதி ஒளி என்று சொல்ல முடியாது, அதனால் நாலாம் கேள்வியில் சொன்ன ஒப்பீட்டு முறையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒளியை ஏற்றும் வாரத்தில் லைட்டின் உயரத்தை மாற்றாதீர்கள், பவளத்தை இடம் மாற்றாதீர்கள், புது கார்பன் போடாதீர்கள். கார்பன் தண்ணீரின் மஞ்சளை எடுத்துவிடும், அதுவே ஒளியைக் கூட்டியது போலத்தான். ஒன்று தப்பினால் எதனால் என்று தெரிய வேண்டுமே. அனிமோன் வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை: லைட் மாறினால் அது இடம் தேடி நடக்கும், நடந்து, நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கர் மோட்டாரில் சிக்கிக் கிழிந்தால் தொட்டித் தண்ணீரே கெட்டுவிடும். லைட் மாற்றும் முந்தின நாளே வேவ் மேக்கர் வாயில் ஸ்பாஞ்சு அல்லது வலை மாட்டுங்கள்.

8. எதோ ஒண்ணு மாறிட்டு வருது, ஆனா வெளுக்குதா, பழுப்பாகுதான்னு சொல்லத் தெரியலீங்க.

வெளுக்கும் பவளத்தில் முதலில் ஒளி நேராக விழும் மேல்பக்கம் நிறம் இறங்கும், அடிப்பக்கம் பழைய நிறத்திலேயே இருக்கும். சதை கண்ணாடி போலத் தெரியும். பழுப்பாவது எதிர்த்திசை: ஒளி போதாமலோ நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறியோ பாசி பெருகி, பச்சையும் சிவப்பும் மங்கி எல்லாம் ஒரே காப்பி நிறமாகும். பழுப்புக்கு அவசரமில்லை, வெளுப்புக்கு அன்றைக்கே கை வைக்க வேண்டும்.

உருவமும் சொல்லும். சோவான்திட் தண்டு நீண்டு, கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பது போல நின்றால் ஒளி குறைவு. கல்லோடு ஒட்டிக் குட்டையாகி, சுற்றுக் குஞ்சம் சுருங்கினால் அதிகம். மஷ்ரூம் ஓரத்தை மேலே மடித்துக் கிண்ணமாகக் குவிந்தால் அதிகம், அதை ஒரு கல்லின் நிழலுக்கு நகர்த்துங்கள். லெதர் மட்டும் ஏமாற்றும்: லைட் மாறினதும் மூடிக்கொண்டு மேலே மெழுகு போல ஒரு படலம் பூசி ஒரு வாரம் பத்து நாள் அப்படியே நிற்கும். அது தோல் உரிக்கிறது. அதன் மேல் நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் படலம் கழன்று போகும், வேறொன்றும் செய்ய வேண்டாம்.

வெளுப்பு உறுதி என்றால் ஒளியை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். இருட்டில் போடாதீர்கள், மிஞ்சிய பாசிக்கும் சாப்பாடு போய்விடும். உடனே தண்ணீர் சூட்டையும் நைட்ரேட்டையும் பாருங்கள். 29 டிகிரிக்கு மேல் சூடும் கூடிய ஒளியும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூண்டும். நைட்ரேட் சுத்தமாகப் பூஜ்யம் என்றால் பாசி மீண்டு வர உரமே இல்லை என்று அர்த்தம், மீனுக்குத் தீனி ஒரு வேளை கூடுதலாகப் போடுங்கள். நிறம் திரும்ப வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும்.

9. நீலம் மட்டும் எரிஞ்சா வீட்டுல டிஸ்கோ மாதிரி இருக்குங்கறாங்க. வெள்ளையைக் கூட்டலாமா?

கூட்டலாம். நீலம் 50 என்றால் வெள்ளை 10 முதல் 20 வரை வைத்தால் பார்வைக்கு 14,000 கெல்வின் டியூபுக்குப் பக்கத்தில் வரும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிற மாலை மூன்று மணி நேரம் மட்டும் வெள்ளையைக் கூட்டி, மற்ற நேரம் நீலமாக விடுவது நல்ல ஏற்பாடு. வெள்ளையை ஏற்றும்போது மொத்த ஒளியும் ஏறும், அந்த அளவு நீலத்தில் குறைத்துவிடுங்கள். சிவப்பு, பச்சைத் திருகுகள் இருந்தால் 5-க்கு மேல் வேண்டாம்.

10. காலைல ஆபீஸ் போயிடுவேன், எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும் எரியவிடறது?

மொத்தம் 9 மணி நேரம்: ஏற ஒன்றரை, உச்சத்தில் 6, இறங்க ஒன்றரை. எந்த நேரத்தில் என்பது பவளத்துக்கு முக்கியமில்லை, தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். சேலத்தில் மதியம் 2 முதல் இரவு 11 வரை வைப்பது எங்கள் பரிந்துரை. வெயில் உச்சத்தில் இருக்கும்போது லைட் ஏறத்தான் தொடங்கியிருக்கும், நீங்களும் வீட்டில் இருந்து பார்ப்பீர்கள்.

மணி நேரமும் ஒளியும் பெருக்கல் கணக்கு. 100 பார் அளவில் 6 மணி நேரம் கிடைப்பதும் 75-ல் 8 மணி நேரம் கிடைப்பதும் மொத்தத்தில் ஒன்றே. ஒளியை ஏற்றப் பயமாக இருந்தால் நேரத்தைக் கூட்டலாம், ஆனால் 12 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

11. எல்இடியில சூடே வராதுன்னாங்க. ஏப்ரல் மாசம் தண்ணி 31 டிகிரி காட்டுதே?

சூடு வரும், ஆனால் மேல்பக்கமாக ஹீட் சிங்க் வழியே அறைக்குள் போகும். மெட்டல் ஹாலைடு அகச்சிவப்பைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கும். அதைக் கழற்றியவர்களுக்குத் தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரி நிச்சயம் இறங்கும், டி5 கழற்றியவர்களுக்கு அவ்வளவு தெரியாது. ஏப்ரல், மே மாதம் சேலத்தில் வெளியே 38, 40 என்று போகும்போது மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை இரவு பத்து மணிக்கும் 34-ல் நிற்கும். அந்த 31 உங்கள் அறையின் சூடு, அதற்கு லைட்டைக் குற்றம் சொல்ல முடியாது.

நீர்மட்டத்தின் மேல் சாய்வாக அடிக்கும் 12 வோல்ட் ஃபேன் இரண்டு வைத்தால் 2 முதல் 3 டிகிரி இறங்கும். நம் ஊர்க் காற்று கோடையில் உலர்ந்தது என்பதால் ஃபேன் இங்கே கடற்கரை ஊரை விட நன்றாக வேலை செய்யும். ஆனால் நாளுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் ஆவியாகும். 50 லிட்டரில் ஒரு லிட்டர் போனாலே உப்பு 35-லிருந்து 35.7-க்கு ஏறிவிடும். ஆகவே தானாக நிரப்பும் மிதவை அமைப்பு வேண்டும், அல்லது காலை மாலை இருவேளை கையால் நிரப்ப வேண்டும். நிரப்புவது உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர். அதிலும் போதவில்லை என்றால்தான் சில்லர்.

12. நாங்க ஏற்காட்டுல இருக்கோம். எங்களுக்கு இதுல ஏதாவது மாறுமா?

தலைகீழாக மாறும். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் உங்களுக்குச் சில்லர் பிரச்சினையே இல்லை. பழைய மெட்டல் ஹாலைடு தொட்டியைச் சூடாக வைத்திருந்தது, அதைக் கழற்றியதும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் தண்ணீர் 21, 22-க்கு இறங்கும். லைட் மாற்றும் முன்பே ஹீட்டர் மாட்டிவிடுங்கள். 150 வாட் ஒன்றுக்குப் பதில் 75 வாட் இரண்டு நல்லது: ஒன்று கெட்டாலும் தொட்டி உறையாது, ஒன்று நிற்காமல் எரிந்தாலும் வேகாது. 25 டிகிரியில் வையுங்கள்.

அடுத்தது மூடுபனி. ஜன்னல் திறந்திருக்கும் அறையில் லைட் அணைந்து குளிர்ந்த பிறகு, லைட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் பெட்டிக்குள் ஈரம் படியும், அதில் உப்பும் சேர்ந்தால் இணைப்புகள் பச்சை பூத்துப்போகும். டிரைவரைத் தொட்டிக்கு மேலே வைக்காமல், ஒரு மீட்டர் தள்ளிச் சுவரில் ஏற்றி மாட்டுங்கள். இடிமழை காலத்தில் சர்ஜ் காப்பு உள்ள பலகை கட்டாயம்.

13. கரண்ட் போனா லைட்டை இன்வெர்ட்டர்ல போடணுமா?

வேண்டாம். ஒளியில்லாமல் பவளம் இரண்டு மூன்று நாள் தாங்கும். நீரோட்டம் இல்லாமல் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் இறங்கி மீன் தவிக்கும். இன்வெர்ட்டரில் முதலில் வேவ் மேக்கர், பிறகு சம்ப் (வடிகட்டித் தொட்டி) மோட்டார். சதுர அலை இன்வெர்ட்டரில் ஏசி மோட்டார் உறுமும், சூடேறும். சைன் அலை வகை வாங்குங்கள்.

லைட்டில் கவனிக்க வேண்டியது நேரம். கரண்ட் போய் வந்ததும் சில லைட்டுகள் கடிகாரத்தை இழந்து நள்ளிரவில் முழு வேகத்தில் எரியும். வாங்கிய அன்றே ஸ்விட்சை அரை மணி நேரம் அணைத்துப் போட்டுச் சோதியுங்கள். முள் டைமர் என்றால் எத்தனை மணி நேரம் கரண்ட் போனதோ அத்தனை பின்தங்கும், பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் மாறாது. எந்த லைட்டாக இருந்தாலும் 30 மில்லி ஆம்பியரில் ட்ரிப் ஆகும் பாதுகாப்பு ஸ்விட்சும், சரியான எர்த்தும், பிளக்குக்கு முன்னால் ஒயர் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும் வளைவும் இல்லாமல் மாட்டக் கூடாது. ஒயர் வழியே வழியும் உப்புத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

14. எல்இடி போட்டதுல இருந்து பச்சைப் பாசியும் பழுப்புத் தூளும் கல்லெல்லாம் மூடுது. லைட்தானே காரணம்?

லைட் பாதிக் காரணம். ஒளி கூடினால் ஏற்கெனவே தண்ணீரில் இருந்த பாஸ்பேட்டைப் பாசி வேகமாகப் பயன்படுத்தும். மீதிப் பாதியைப் பலர் பார்ப்பதில்லை: மூடியை எடுத்து, ஃபேன் வைத்து, ஆவியாவது இரண்டு மடங்காகி, அதற்குக் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரையோ போர் தண்ணீரையோ ஊற்றியிருப்பார்கள். தண்ணீர் ஆவியாகும், அதிலிருந்த சிலிகேட்டும் நைட்ரேட்டும் சுண்ணாம்பும் தொட்டியில் தங்கும். நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்றால் ஒரே மாதத்தில் 45 லிட்டரின் கசடு, அதாவது கிட்டத்தட்ட தொட்டி அளவு குழாய்த் தண்ணீரின் கசடு. பழுப்புத் தூள் சிலிகேட்டைத் தின்று வளரும் டயாட்டம்.

குடிநீர் ஆர்ஓ எந்திரத்தில் சுவைக்காகக் கொஞ்சம் தாது மீண்டும் கலந்து வரும், டிடிஎஸ் மீட்டர் 40, 60 காட்டும். அதற்குப் பிறகு, மிஞ்சிய தாதுவையும் பிடிக்கும் டிஐ ரெசின் குழாய் ஒன்று மாட்டி 0 காட்டும் தண்ணீரை ஊற்றுங்கள். வெள்ளையை 5-க்கு இறக்குங்கள், உச்ச நேரத்தை 5 மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள், டர்போ நத்தை இரண்டு விடுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் தெளியும்.

15. ரெடிமேட் வேண்டாம், நானே அசெம்பிள் பண்ணிக்கறேன். என்னென்ன வாங்கணும்?

சால்டரிங் கை பழகியிருந்தால் செய்யுங்கள், பழுது வந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. நம் தொட்டிக்கு 3 வாட் எல்இடி 24: ராயல் புளூ 12, நீலம் 4, 420 நானோமீட்டர் ஊதா 4, நடுநிலை வெள்ளை 4. மூன்று தொடராகக் கட்டுங்கள்: ராயல் புளூ 12-உம் ஒரு தொடர், நீலமும் ஊதாவும் 8 ஒரு தொடர், வெள்ளை 4 ஒரு தொடர். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாறா மின்னோட்ட டிரைவர். மீன்வெல் எல்டிடி வகையில் முதலாவதற்கு 700 மில்லி ஆம்பியர், மற்ற இரண்டுக்கும் 500. ஒரு எல்இடிக்குச் சுமார் 3.3 வோல்ட், 12-க்கு 40 வோல்ட் என்பதால் 48 வோல்ட், 100 வாட் சப்ளை ஒன்று. முழு வேகத்தில் எல்லாம் சேர்ந்து 50 வாட்டுக்குள்தான் வரும்.

எல்இடியை அலுமினிய ஹீட் சிங்கில் ஒட்டும் முன் பரப்பை 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து ஸ்பிரிட்டால் துடையுங்கள். தெர்மல் பேஸ்ட் மெல்லிய படலமாக இருந்தால் போதும், தடித்தால் அதுவே சூட்டைத் தடுக்கும். 12 வோல்ட் ஃபேனை 8 வோல்ட்டில் மெதுவாகச் சுழலவிடுங்கள். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் எரிந்தபின் ஹீட் சிங்கில் கையை ஐந்து நொடி வைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் ஹீட் சிங்க் சிறியது.

டிரைவரின் வெளியீட்டு மைனஸையும் சப்ளை மைனஸையும் ஒன்றாக இணைத்துவிடாதீர்கள். நிறைய டிரைவர் புகைவது இதனால்தான். கரண்ட் கொடுக்கும் முன் ஒவ்வொரு சால்டர் புள்ளிக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள், பீப் சத்தம் வந்தால் எங்கோ ஈயம் வழிந்திருக்கிறது. 230 வோல்ட் பக்கத்தை மட்டும் எலக்ட்ரீஷியனைக் கொண்டே கட்டச் சொல்லுங்கள்.

16. ஒரு கலர் மட்டும் மொத்தமா எரியல. போர்டே போச்சா?

தொடர் இணைப்பில் ஒரு எல்இடி அறுந்தாலும் அந்த வரிசை முழுக்க அணையும். எல்லாம் போகவில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு 3 வோல்ட் நாணய பேட்டரியில் இரண்டு ஒயர் வைத்து ஒவ்வொரு எல்இடியாகத் தொட்டுப் பாருங்கள். நல்லது மங்கலாக ஒளிரும், செத்தது ஒளிராது. எல்லாமே ஒளிர்ந்தால் டிரைவரைப் பாருங்கள். வரிசை சிமிட்டி அணைந்து மீண்டும் எரிந்தால் ஃபேன் நின்று சூட்டுக் காப்பு வேலை செய்கிறது. ஃபேன் இதழில் உப்பும் தூசியும் பிசினாக ஒட்டியிருக்கும். மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டி, லென்ஸை ஆர்ஓ தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் இது வராது. லென்ஸில் வினிகர், ஸ்பிரிட் வேண்டாம், சில பிளாஸ்டிக் மங்கிவிடும்.

17. கழட்டின டியூபை என்ன பண்றது?

உள்ளே பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் அட்டையில் சுற்றி, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் வேண்டாம்.

18. லைட்டு இப்ப பவரா இருக்கு. ராமேஸ்வரம் பக்கம் தெரிஞ்சவங்க கல்பவளம் கொண்டாந்து தர்றேங்கறாங்க, வைக்கலாமா?

வைக்கக் கூடாது. கல்பவளங்கள் எல்லாம், கருப்புப் பவளம், ஆர்கன் பைப், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம், தண்டனை குறைந்தது 3 ஆண்டு சிறை. உயிரோடு இருந்தாலும் காய்ந்த எலும்புக்கூடாக இருந்தாலும் ஒன்றுதான். அங்கே இருக்கும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது, 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளைக் காக்கத்தான். அலங்காரத்துக்கு 'லைவ் ராக்' என்று விற்கப்படுவதிலும் உடைத்தெடுத்த கல்பவளம் இருக்கலாம். செயற்கையாக வார்த்த கல்லை வாங்கி அதில் பாக்டீரியாவை வளர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் அந்தப் பவளம் இங்கே நிற்காது. 200-க்கு மேல் ஒளி வாங்கும் கல்பவளம் எலும்பு கட்டத் தண்ணீரிலிருந்து கேஹெச்சும் (கார்பனேட் காரத்தன்மை) கால்சியமும் தினமும் உறிஞ்சும். 50 லிட்டரில் கேஹெச் 8.5-லிருந்து ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிய இறங்கும், அதோடு சூடும் ஆடும். மென்பவளத்தை முறையான பில்லோடு வாங்குங்கள். சோவான்திட், மஷ்ரூம், லெதர் எல்லாம் தொட்டியிலேயே வெட்டிப் பெருக்கிக் கைமாறக்கூடியவை. மீனில் கிளவுன் மீன் மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நுட்பத்தில் குஞ்சு பொரிக்கப்படுகிறது. வாங்கும்போது தொட்டியில் பிறந்ததா என்று கேளுங்கள். தொட்டியில் பிறந்த மீன் உலர் தீனியை முதல் நாளே எடுக்கும்.